பிள்ளையாரின் புல்லும் பச்சைக் கார்பெட்டும்

2007இல் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. ஷவரில் சுடுதண்ணி வரும்வரை ஓடுகிற தண்ணீரை அதில் பிடிக்க வேண்டும். அம்மா அதைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றுவா. மெல்பேர்ணில் வளர்ந்த உங்களுக்கோ உங்கள் அண்ணா அக்காமாருக்கோ இப்படி ஒரு வாளி ஞாபகம் இருக்கும். அது 3ஏ கட்டுப்பாட்டுக் காலம். வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விடவே கூடாது. விளையாட்டு மைதானங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் அனுமதி. நிலம் கொங்கிறீட் மாதிரி இறுகி, பல இடங்களில் ஃபுட்டி சீசனே பிந்தித் தொடங்கியது. 2009 நடுப்பகுதியில் நகரின் அணைகளில் மிஞ்சியிருந்தது கிட்டத்தட்ட 26 வீதம். சிட்னியில் 2007 தொடக்கத்தில் ஏறத்தாழ 34.

கொல்ஃப் மைதானங்களும் தப்பவில்லை. குடிநீர்க் குழாயை நம்பியிருந்த கிளப்புகள் 'டீ'யையும் 'கிரீனை'யும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு, நடுவில் கிடக்கும் நீண்ட ஃபெயர்வேயைக் காய விட்டன. புல் பழுப்பானது, தரை வெடித்தது. விளையாட்டு நின்றதா?

நிற்கவில்லை. பந்து கிடக்கிற இடத்திலேயே அடிக்க வேண்டும் என்பதுதான் கொல்ஃபின் அடிப்படை. ஆனால் விதிப்புத்தகமே கிளப்பின் குழுவுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. ஃபெயர்வே மோசமாக இருந்தால் 'பிரிஃபர்ட் லைஸ்' என்று அறிவிக்கலாம். பந்தை எடுத்துத் துடைத்து, குழிக்குக் கிட்டப் போகாமல், குழு சொன்ன தூரத்துக்குள் நல்ல புல்லாகப் பார்த்து வைக்கலாம். தண்டனை இல்லை. வெடிப்புக்குள் பந்து போனால் தானாகச் சலுகை கிடையாது. குழு அந்த இடத்தை 'கிரவுண்ட் அண்டர் ரிப்பெயர்' என்று குறித்தால் கிடைக்கும். ஒரு கோடு வெள்ளைப் பெயின்ட், நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர். செலவு அவ்வளவுதான்.

என் கோபம் இங்கேதான். தரையை மாற்றாமல் விதியை மாற்றி விளையாடலாம் என்று அந்தப் பத்து வருட வறட்சி காட்டிவிட்டது. பிறகும் ஏன் மழை வந்தவுடன் பச்சைக்கு ஓடுகிறோம்? எங்கள் ஆட்களிலும் இப்போது கிளப் மெம்பரான மாமாமார் இருக்கிறார்கள். கார்பெட் மாதிரிப் பச்சை இல்லாவிட்டால் முகம் சுழிப்பார்கள். டிவியில் ஒகஸ்டாவைப் பார்த்துப் பிடித்த வருத்தம் அது. அவர்களுக்கு 2006 பிரிட்டிஷ் ஓப்பனைப் போட்டுக் காட்டுங்கள். ஹொய்லேக் மைதானம் வெயிலில் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. இறுகிய தரையில் பந்து ஓடிக்கொண்டே இருந்ததால் டைகர் வுட்ஸ் நாலு நாளில் டிரைவரை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். வென்றதும் அவர்தான்.

எல்லாக் கிளப்பையும் திட்டவில்லை. சிட்னியில் பெனன்ட் ஹில்ஸ் கிளப் கழிவுநீர்க் குழாயிலிருந்தே தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துப் பாவிக்கிறது. மெல்பேர்ணில் பலர் வெயில் தாங்கும் கூச் புல்லுக்கு மாறினார்கள். கூச் என்றால் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கிற நம் அறுகம்புல்தான்! ஆனால் "எங்களுடையது போர் தண்ணீர், யாருக்கும் நட்டமில்லை" என்று ஒரு கிளப் சொன்னால் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகள் உப்பான கதையை அப்பம்மாவிடம் கேளுங்கள்.

மைதானங்களை மூடச் சொல்லவில்லை. வறட்சியோ வெள்ளமோ, ஃபெயர்வேக்கு ஒரு சொட்டுக் குடிநீரும் போகக் கூடாது என்கிறேன். 2025இல் விக்டோரியா அரசு வொந்தகி கடல்நீர் ஆலையிடம் மறுபடியும் 50 பில்லியன் லிட்டர் கேட்டது. அந்தக் காசு நம் வீட்டுத் தண்ணீர் பில்லில்தான் வருகிறது. உங்கள் கவுன்சிலின் கொல்ஃப் மைதானம் எந்தத் தண்ணீரைப் பாவிக்கிறது என்று கேட்டு ஒரு ஈமெயில் போடுங்கள். நான் போன மாதம் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நாளைக்கு மறுபடி போடுவேன்.