பட்டன் நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

டிசைன் சிஸ்டம்னா பி.காம். படிக்கிறவனுக்கு என்னன்னு கேட்பீங்க. தளம் வளர வளர பட்டன், கட்டம், எழுத்தெல்லாம் பக்கத்துக்கொரு மாதிரி ஆகாம இருக்க ஒரு பொது விதித்தொகுப்பு, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை நிரப்பப் போறது நாமதானே :-)

2025 பிப்ரவரியில மத்திய அரசு தன் இணையதளங்களுக்கு இப்படி ஒரு கையேடு வெளியிட்டது. நிறம், எழுத்துரு, ஐகானுக்கெல்லாம் விதி. நல்லதுதான். ஆனா முதல்ல சீராக வேண்டியது படிவமும் சொல்லும்னு நான் நினைக்கிறேன்.

ஓசூர்ல இருந்து பார்த்தா இது சட்டுனு புரியும். சிப்காட் லேத் பட்டறையில செஞ்ச பாகம் பொம்மசந்திராவுக்குப் போகுதுன்னு வைங்க. 2017 ஜூலை 1-க்கு முன்னாடி மாநிலத்துக்கொரு வாட் சட்டம், அதுக்கொரு படிவம். எல்லை தாண்டினா சி ஃபார்ம் தனி. இப்போ ரெண்டு பக்கமும் ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்துதான். நமக்கு 33-ல ஆரம்பிக்கும், அவங்களுக்கு 29-ல. அதுக்குள்ள பழைய பான் எண் அப்படியே உட்கார்ந்திருக்கு. இருக்கிறதை மறுபடி பயன்படுத்துறதுன்னா இதுதான்!

அங்கேயும் ஆசைப்பட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தப் பார்த்தாங்க. ஜி.எஸ்.டி.ஆர்-2, 3 ரெண்டையும் 2017 நவம்பர்லயே நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. தற்காலிகமா வந்த 3பி-தான் நிலைச்சது.

அதனால சான்றிதழ் தளங்களைத் திருத்துறவங்க சின்னதா ஆரம்பிக்கட்டும். ஒரு பக்கம் 'சமர்ப்பிக்க', அடுத்த பக்கம் 'சப்மிட்'னு இருந்தா அதை ஒண்ணாக்குங்க. வெறும் 'இன்வேலிட்'னு சிவப்புல காட்டாம, எந்தக் கட்டத்துல என்ன தப்புன்னு தமிழ்ல சொல்லுங்க. நிறத்தை அடுத்த வருஷம் மாத்திக்கலாம்.