மணிக்கட்டுப் படமும் டிசம்பர் பையனும்

மதுரை ரேஸ்கோர்ஸில் புது டர்ஃப் விரித்தோம். சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தைப் பளபளப்பாக்கினோம். 24 நாடுகள் வந்திறங்கிய இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியை நன்றாகவே நடத்திக் காட்டினோம். 2025 டிசம்பர் 10 அன்று அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கிக் கிடந்த இந்திய அணி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலத்தைப் பறித்தது. நம் ஊர்க் கூட்டம் தொண்டை கட்டக் கத்தி வாழ்த்தியது. அந்த அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை.

அதைத் தொட்டு எழுந்த புலம்பலில் இரண்டு ரகம். 'எல்லாம் வடக்கத்தி அரசியல்' என்பது ஒன்று. மணிப்பூரிலிருந்து இருவர் அந்த அணிக்குப் போனார்களே, டெல்லி அரசியலில் நம்மைவிட மணிப்பூருக்குச் செல்வாக்கு அதிகமா? 'நம் பிள்ளைகளுக்கு உடல்வாகு போதாது' என்பது இன்னொன்று. 1980 மாஸ்கோவில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றபோது அணித் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், சென்னைக்காரர். இதற்குமேல் அந்த வாதத்துக்கு மை செலவழிக்க முடியாது.

என்னைப் பேனா எடுக்க வைத்தது இந்தப் புலம்பல் அல்ல. 2025 மார்ச்சில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிராக ஒரு வரைவு விதித்தொகுப்பை வெளியிட்டது. வயதைக் குறைத்துக் காட்டும் வீரர் முதல் முறை சிக்கினால் இரண்டு ஆண்டுத் தடை, மறுமுறை சிக்கினால் ஆயுள் தடை. சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுவார்கள். நல்லது, திருடனைப் பிடிக்கட்டும். பதினேழு வயது மீசையை மழித்துக்கொண்டு பதினான்கு வயதுப் போட்டியில் இறங்கும் கூத்தை மைதான ஓரம் நின்றவர் யாரும் மறுக்கமாட்டார். ஆனால், அந்தப் படத்தில் திருடன் மட்டுமா தெரிவான்?

பதினான்கு வயதுப் பையனின் எலும்பு பதினாறு வயதைக் காட்டினால் சந்தேகப்படுகிறோம். அதே பதினான்கு வயதுக்காரனின் எலும்பு பன்னிரண்டரையைக் காட்டினால்? அவன் இன்னும் வளர வேண்டியவன். இன்று தோள் இடிபட்டு விழுகிறவன் மூன்று வருடத்தில் வேறு ஆளாக நிற்பான். அந்தச் செய்தியும் அதே படத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இங்கிலாந்தில் கால்பந்துக் கழகங்கள் சிறுவர்களைப் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துக் குழு பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கின்றன. நாமோ ஸ்கேனர் வாங்கி, அதைப் போலீஸ் நாயாக மட்டும் பழக்குகிறோம்.

தென்மாவட்ட ஊர் ஒன்றில், ஒரு மே மாத வெயிலில், விளையாட்டு விடுதிக்கான தேர்வை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பையன்கள். ஓட்டம், தாண்டல், ஷட்டில் ரன் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டிக்கைத் தொடவே விட்டார்கள். அதற்குள் பாதிப் பேர் கழிந்துபோயிருந்தார்கள். மீந்தவர்களில் ஒரு பொடியன் வேகமாக வந்த பந்தை ஸ்டிக்கில் தாங்கிய விதத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்த டீக்கடைக்காரரே 'அட' என்றார். பந்து துள்ளவே இல்லை, ஒட்டிக்கொண்டது. ஆனால், அடுத்த நொடியில் ஒரு தலை உயரம் கூடிய இன்னொருவன் வந்து இடித்துப் பந்தைக் கொண்டுபோனான். தேர்வாளர் கோடு கிழித்துவிட்டு, "ஆளு இன்னும் தேறல. அடுத்த வருஷம் வா தம்பி" என்றார். பையனின் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பிறந்த மாதம் டிசம்பர். இடித்தவன் ஜனவரியோ பிப்ரவரியோ, எனக்குத் தெரியாது. ஆனால், பன்னிரண்டு வயதில் பதினொரு மாதம் என்றால், வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. 'அடுத்த வருஷம் வா' என்றாரே, அடுத்த வருஷமும் ஜனவரிப் பையன் பதினொரு மாதம் மூத்தவனாகத்தானே நிற்பான்?

(இந்த இடத்தில் என் தலைமுறையினர் சிரிப்பார்கள். எங்களில் பலருக்குப் பிறந்தநாள் கொடுத்ததே தலைமையாசிரியர்தான். நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். சான்றிதழில் ஜூன் 1. இன்றைய பிள்ளைகளுக்கு மருத்துவமனையிலேயே சான்றிதழ் கையில் வந்துவிடுகிறது. எனவே மாதத்தை நம்பிப் பேசலாம்.)

இனி நான் போகுமிடமெல்லாம் சொல்லி நண்பர்களின் பொறுமையைச் சோதிக்கும் கணக்கு. கனடாவில் ஐஸ் ஹாக்கி, நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அங்கே சிறுவர் அணிகளுக்கு வயது எல்லைக்கோடு ஜனவரி 1. 1980களின் நடுவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் உயர்மட்ட இளையோர் அணிகளின் பட்டியலில் பிறந்த தேதிகளை எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் 10 சதவீதம்தான். கடவுள் கனடாவில் மார்கழி கடந்து பிறந்தவர்களுக்கு மட்டும் தனியாகத் திறமை கொடுத்தாரா? ஒன்பது, பத்து வயதில் சில மாதம் மூத்தவன் உயரமாக இருக்கிறான். அவனை 'திறமைசாலி' என்று எடுக்கிறார்கள். நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டம், அதிகப் பனித்தரை நேரம் அவனுக்கே போகிறது. ஐந்து வருடத்தில் அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுகிறான். தேர்வாளர் 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்று மார்தட்டுகிறார்.

இதுவரை பலரும் கேள்விப்பட்டதுதான். என் தூக்கத்தைக் கெடுத்தது 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு. வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீக் தன் இளம் வீரர்களை ஆண்டுதோறும் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில் 1980 முதல் 2006 வரை தேர்வான கனடியர்களை எடுத்துக்கொண்டார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் அதில் 34 சதவீதம்தான். ஆனால், அப்படித் தேர்வான கனடியர்கள் மொத்தமாக ஆடிய ஆட்டங்களில் அவர்கள் பங்கு ஏறக்குறைய 42 சதவீதம். எடுத்த புள்ளிகளில் 44. இந்த மூன்று எண்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறைவாக எடுக்கப்பட்டவர்கள் அதிகமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் கொட்டி, ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிவைத்து எடுக்கும் தொழில்முறைத் தேர்வாளர்களே கடைக்குட்டிகளைத் தொடர்ந்து மலிவாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதிலேயே இந்தக் கதி. நாம் பன்னிரண்டு வயதில் மதிப்பிடுகிறோம்!

அதே லீக்கில் 1998இல் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ரஷ்யர் பாவெல் தாத்சுக், 1999இல் 210ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்வீடன்காரர் ஹென்ரிக் செட்டர்பெர்க் இருவரும் டெட்ராய்ட் அணியின் தூண்களானார்கள். 1993இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, கொண்டாட்டத்தில் மிதந்த அலெக்சாண்டர் டெய்க், எதிர்பார்த்ததில் பாதியும் எட்டவில்லை.

'அது ஐஸ் ஹாக்கி, நம்முடையது புல்தரை ஹாக்கி' என்பார்கள். மட்டை வேறு, மாதம் ஒன்றுதானே? நம் ஹாக்கியிலும் வயது எல்லைக்கோடு ஜனவரி 1தான். இதற்குமேல் மறுப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2016இல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என வென்று இளையோர் உலகக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியில் 18 பேர். அவர்களில் டோக்கியோ ஒலிம்பிக் அணிக்குப் போனவர்கள் ஏழு. உலகச் சாம்பியன்களிலேயே 11 பேர் அங்கே போய்ச் சேரவில்லை. கோப்பையைக் கையில் ஏந்திய அணித் தலைவர் ஹர்ஜீத் சிங்கின் வாழ்க்கையைப் படமாகவே எடுத்தார்கள்; ஒலிம்பிக் களம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. போன ஏழு பேரிலும் சிம்ரன்ஜீத் சிங்கின் கதையைக் கேளுங்கள். முதலில் அறிவித்த 16 பேரில் அவர் இல்லை, மாற்று ஆள்தான். கொரோனாவால் விதி தளர்ந்து மாற்று ஆட்களும் ஆடலாம் என்றானது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியை 5-4 என வென்றோமே, அதில் இரண்டு கோல் அவருடையது. ஒரு நோய்த்தொற்று வந்துதான் நம் தேர்வாளர்களின் மதிப்பீட்டைத் திருத்த வேண்டியிருந்தது. அமித் ரோஹிதாஸ் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார், பிறகு ஆண்டுக்கணக்கில் காணாமல் போனார், 2017இல்தான் மீண்டு வந்தார். பிறகு இரண்டு ஒலிம்பிக் வெண்கலம்.

கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது ஹாக்கி ஆளே இல்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று சுற்றிவிட்டுத்தான் கோல் கம்பத்துக்கு நடுவே போய் நின்றார். சென்னையில் வெண்கலம் வென்ற இளையோர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். ராணி ராம்பாலை முதலில் ஒரு பயிற்சியாளர் சேர்த்துக்கொள்ள மறுத்தது சத்துக்குறைவான உடம்பு என்பதால்தான். 2010 உலகக் கோப்பையில் பதினைந்து வயதில் ஏழு கோல் போட்டுச் சிறந்த இளம் வீராங்கனை விருதோடு வந்தார். நான்கைந்து பேரை வைத்துக் கோட்பாடு கட்டுகிறாயா என்று கேட்பீர்கள். கட்டுகிறேன். எதிர்த்தரப்பு 'உடல்வாகு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கவில்லையா?

அப்படியானால் ஒரு சிறுவனிடம் எதைத்தான் பார்ப்பது? ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பழைய ஆட்டக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், உயரத்தைச் சொல்லமாட்டார். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறானா? பந்தைத் தாங்கும்போதே அடுத்த அடிக்குத் தோதாக வைத்துக்கொள்கிறானா? பந்தை இழந்த பிறகு இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? இவை எதுவும் பிறந்த மாதத்தைப் பொறுத்தவை அல்ல. முக்கியமாக, ஒரே நாளில் தெரிந்துவிடுபவையும் அல்ல. ஆறு மாதம் கழித்து அதே பையனை மறுபடி பார்க்க வேண்டும். போன தடவை சர்க்கிளுக்குள் தடுமாறிய இடத்தில் இந்தத் தடவை என்ன செய்கிறான்? இரண்டு பார்வைக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் திறமை. நம் தேர்வுமுறை ஒரு பார்வையோடு தாளை மூடிவிடுகிறது.

அந்தக் கோவில்பட்டி மண் எதற்கும் சளைத்ததல்ல. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து அங்கே வந்து பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். ஆனாலும் 2004 ஏதென்ஸில் ஆடிய ஆடம் சின்க்ளேருக்குப் பிறகு தமிழ்நாட்டு ஆண்கள் ஒருவரும் ஒலிம்பிக் ஹாக்கிக் களத்தில் இறங்கவில்லை. இருபது வருடமாக மண்ணில் விதை இல்லாமல் போய்விட்டதா? முளைக்குமுன் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறோம்.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. மீண்டெழுந்த ஹாக்கி இந்தியா லீக்கின் 2024 ஏலத்தில் ஒவ்வோர் அணியும் நான்கு இளையோரையாவது எடுக்க வேண்டியிருந்தது. அதே ஏலத்தில் அப்போதைய இந்திய அணித் தலைவர் ஹர்மன்ப்ரீத் 78 லட்சத்துக்குப் போனார். நல்ல செய்திதான். ஆனால், இனி பதினாறு வயதுப் பையனின் அப்பா என்ன கேட்பார்? 'என் பிள்ளை எத்தனை லட்சம் போவான்?' பயிற்சியாளரும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடித்துக் கோல் எண்ணிக்கை காட்டும் தோள்வலுக்காரனையே முன்னால் தள்ளுவார். நடுக்களத்தில் சத்தமில்லாமல் ஆட்டத்தை ஓட்டுகிறவனை ஏலச் சுத்தியல் தட்டுகிறவருக்குத் தெரியுமா?

சரி, என்ன செய்யலாம்? முதலில் தேசிய சப் ஜூனியர் சாம்பியன்ஷிப்பை ஒழித்துவிட வேண்டும். கோப்பை என்று ஒன்று இருந்தால் பயிற்சியாளர் வெல்லத்தான் பார்ப்பார், வெல்ல வளர்ந்தவனைத்தான் இறக்குவார், வளர்ந்தவன் கிடைக்காவிட்டால் வயதைத் திருத்துவார். வயது மோசடியின் ஊற்றே அதுதான். விடுதித் தேர்வில் உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். இடங்களில் சரிபாதியை ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும். மணிக்கட்டுப் படம் எடுத்தால் இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். எலும்பு பின்தங்கியவனுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசம் என்று விதித்தொகுப்பிலேயே எழுத வேண்டும். 'இன்னோர் இட ஒதுக்கீடா' என்று முகம் சுளிப்பவர்கள், ஜனவரிக்காரர்களுக்கு இத்தனை காலம் சத்தமில்லாமல் கொடுத்துவந்த ஒதுக்கீட்டுக்கு முதலில் பெயர் சொல்லட்டும். இதைச் செய்தால் 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்கில் நம் பையன்கள் ஒருவரல்ல, மூன்று பேர் நிற்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற மே மாதம் மறுபடி தேர்வு நடக்கும். பந்து துள்ளாமல் தாங்கிய அந்தப் பொடியன் வருவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது எட்டாம் வகுப்பு. மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறானாம்.