மாலி திரும்பி வந்தபோது

புல்லாங்குழல் மாலி, அதாவது டி.ஆர். மகாலிங்கம், 1926இல் பிறந்தது திருவிடைமருதூரில். கும்பகோணத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். ஏழு வயதிலேயே மயிலாப்பூரில் மேடையேறிய பிள்ளை. துளைகளில் விரல் வைக்கும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலில் பேச வைத்தார். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமலும் இருப்பார். வந்தாலும் பாதியில் குழலை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆனாலும் அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் குறையாது. எழுபதுகளின் இறுதியில் அமெரிக்கா போனவர், எண்பதுகளின் நடுவில் திரும்பினார். 1986இல் பத்மபூஷணை மறுத்தார். அந்த மே மாதமே காலமானார்.

மாலியைப் போல ஒதுங்கியிருந்த கலைஞர் திரும்பி வந்தால் உடனே, ‘பழைய வாசிப்பு இருக்கிறதா?’ என்று கேட்கிறோம். அது அநியாயம். விலகியிருந்த காலம் நமக்கு அவர் பட்ட கடன் இல்லை. அவரது இசையின் ஒரு பகுதிதான் அதுவும். இருபது வருடத்துக்கு முந்தைய ஒலிப்பதிவை மனத்தில் ஓடவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தால், இன்று அவர் வாசிப்பது காதில் விழவே விழாது. சென்னை டிசம்பர் இசை சீசனின் நிமிடக் கணக்கு இப்படித் திரும்பி வருபவர்களுக்கு ஒத்துவராது. நம் காவிரி டெல்டா ஊர்களில் கோயில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. அவர்களை அங்கே அழைக்க வேண்டும். பாட்டுப் பட்டியல் கேட்கக் கூடாது. அரை மணியில் எழுந்தாலும் முழுச் சம்பாவனையையும் மரியாதையோடு தர வேண்டும்.