கோட்டைக்கும் எல்லைக்கும் நடுவே

கொல்கத்தா மைதானத்தை ஒட்டி பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் அந்தப் பழைய கோட்டையைத் தினமும் பார்க்கிறார்கள். வில்லியம் கோட்டை என்று நெடுங்காலம் வழங்கிய பெயரை அண்மையில் விஜய துர்க் என்று மாற்றியிருக்கிறார்கள். ராணுவத்தின் கிழக்குக் கமாண்டுக்கு அதுதான் தலைமையகம். சிக்கிம், அருணாசலம் ஆகியவற்றை ஒட்டிய சீன எல்லையின் பொறுப்பு முழுவதும் அந்த மதிலுக்குள் இருக்கும் தளபதியின் தலையில் இருக்கிறது. வங்கதேச எல்லையில் அன்றாடக் காவல் எல்லைப் பாதுகாப்புப் படைக்கு. பர்மா எல்லையில் அசாம் ரைபிள்ஸுக்கு. ஆபத்து என்று வந்தால் அங்கும் ராணுவம்தான் போக வேண்டும்.

தளபதிக்குக் கீழே நான்கு கோர்கள். சிலிகுரிக்குப் பக்கத்தில் சுக்னாவில் இருக்கும் 33-வது கோர் சிக்கிமைப் பார்த்துக்கொள்கிறது. தேஜ்பூரின் 4-வது கோருக்கு தவாங் பகுதி. திமாப்பூரில் 3-வது கோர். 2014-ல் புதிதாக எழுப்பிய 17-வது கோர் மலைப்போருக்கென்றே ஏற்பட்டது. அதன் இருப்பிடம் பானாகர்.

இந்தக் கமாண்டு பிறந்தது 1920 நவம்பர் 1-ம் தேதி. குளிர்காலத்தில் லக்னோ, கோடையில் நைனிடால் என்று தலைமையகம் மாறி மாறி இருந்தது. வெள்ளைக்காரத் தளபதிகளுக்கு எதிரியைவிட வெயில்தான் பெரிய கவலை போலும்! 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பிறகே கிழக்கு எல்லை என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு உறைத்தது. சுதந்திரத்துக்குப் பின் ராஞ்சிக்கு வந்த தலைமையகம், 1955-ல் மறுபடியும் லக்னோவுக்கே போயிற்று.

அங்கேதான் 1962 அக்டோபரிலும் அது இருந்தது. சண்டை நடந்ததோ தவாங்குக்கும் அப்பால் நாம்கா சூ ஆற்றங்கரையில். லாரி போகும் சாலை அதுவரை எட்டவில்லை. ஜவான்கள் மலையேறி நடந்துதான் போனார்கள். பின்னால் வரவேண்டிய கம்பளி உடையும் தோட்டாவும் அரிசியும் விமானத்திலிருந்து போடப்பட்டன. அவற்றில் கைக்குக் கிடைத்ததைவிடப் பள்ளத்தாக்கில் விழுந்து போனதே அதிகம். அக்டோபர் 20-ம் தேதி காலையில் சீனர்கள் பாய்ந்தபோது, பருத்தி உடுப்போடு நின்ற அந்தப் பிரிகேடு சில மணி நேரத்தில் சிதறியது. பிரிகேடியர் டால்வி சிறைப்பட்டார். தேஜ்பூரில் 4-வது கோரையே அந்த மாதத்தில்தான் அவசர அவசரமாக அமைத்திருந்தார்கள். டில்லி செய்த தவறுகள் தனிக் கதை. ஆனால் பாதை இல்லாத இடத்துக்குப் படையை அனுப்பியதுதான் அந்தத் தோல்வியின் முதல் காரணம்.

ரயில் பாதையின் கதையும் இதோடு சேர்ந்ததே. பிரிவினைக்கு முன்னால் கல்கத்தாவிலிருந்து சிலிகுரிக்கு ரயில் கிழக்கு வங்காளத்தின் வழியே போயிற்று. 1947-ல் அது அறுந்தது. அசாமை இணைக்கும் புதுப் பாதையை இரண்டே வருஷத்தில் போட்டு 1950 ஜனவரியில் ரயில் விட்டார்கள். மெச்சத்தக்க வேலை! ஆனால் அது மீட்டர் கேஜ். கல்கத்தாவிலிருந்து போகிறவர்கள் நடுவே கங்கையைப் படகில் கடக்க வேண்டும். ஃபராக்காவில் பாலத்தின் மேல் ரயில் ஓடியது 1971-ல்தான். சரக்கை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி ஏற்றுவது என்றால் என்ன என்று ரயில்வேயில் வேலை செய்கிற வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோல்விக்குப் பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. 1963 மே மாதம் லக்னோவில் மத்திய கமாண்டு என்று தனியாக ஒன்றை அமைத்து, கிழக்குக் கமாண்டைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். மலைப் போருக்கான டிவிஷன்கள் எழும்பின. 1967-ல் நாது லாவில் சீனர்கள் மீண்டும் வாலாட்டியபோது சரியான பதில் கிடைத்தது.

1971 வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் டிசம்பரின் 13 நாட்களைப் பேசுகிறார்கள். அதற்கு முந்திய மாதங்களையும் பேச வேண்டும். ஏப்ரலிலேயே படை எடுக்கச் சொன்னபோது, முடியாது என்று பிரதமரிடம் மறுத்ததாக மானெக்‌ஷா பிற்பாடு சொல்லியிருக்கிறார். கிழக்குக் கமாண்டின் தளபதியாக அறுபதுகளில் இருந்தவர் அவர். அந்த மழையும் சேறும் அவருக்குத் தெரியும். கிடைத்த அவகாசத்தில் திரிபுராவில் சாமான்களைக் குவித்தார்கள். ரயில் தர்மநகரோடு நின்றது. மேலே மலைச் சாலையில் லாரிதான். (அகர்தலாவுக்கு ரயில் வந்தது 2008-ல்.) அப்படிக் குவித்து வைத்ததன் பலத்தில்தான் சகத் சிங்கின் 4-வது கோர் மேக்னா நதியைத் தாண்டி டாக்காவை நெருங்க முடிந்தது. ஜெனரல் அரோராவிடம் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பாதை போடுவதில் அவசரம் காணோம். பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலத்துக்கு 1997-ல் அடிக்கல் நாட்டினார்கள். திறந்தது 2018 டிசம்பரில். 21 வருஷம்! தவாங் சாலையில் பனியில் அடைபடும் சேலா கணவாய்க்குச் சுரங்கம் கிடைத்தது 2024-ல். இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சிக்கிமின் சேவக் - ரங்போ ரயில் பாதை? நீளம் சுமார் 45 கிலோமீட்டர். 2009-ல் அடிக்கல் நாட்டி, 15 வருஷம் கழிந்தும் அதில் ரயில் ஓடவில்லை. பெரும்பகுதி சுரங்கம், மண் சரியும் மலை, காட்டு இலாகாவின் அனுமதி - காரணங்கள் பொய்யல்ல. ஆனால் 2023 அக்டோபரில் பனி ஏரி உடைந்து தீஸ்தா பொங்கியபோது என்ன ஆயிற்று? ஜவான்களும் உயிரிழந்தார்கள், சிக்கிமுக்குப் போகும் பிரதான நெடுஞ்சாலை பல இடங்களில் அறுந்தது. 2017-ல் டோக்லாமில் இரு தரப்பும் 73 நாள் முகத்துக்கு முகம் நின்ற இடத்துக்குப் பின்னால் இருக்கும் சாலை அது.

முப்படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவர, கமாண்டுகளை மாற்றி அமைப்பது பற்றி டில்லியில் சில வருஷங்களாகப் பேச்சு நடக்கிறது. நடக்கட்டும். தலைமையகத்தின் வாசல் பலகையை மாற்ற ஒரு நாள் போதும். சுரங்கம் ஒரு நாளில் வராது.

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகருக்கு 2011 முதல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மூன்று நாளுக்கு மேற்பட்ட பயணம். லீவு முடிந்து திரும்பும் தமிழ்நாட்டு ஜவான்களும், வடகிழக்கிலிருந்து தெற்கே வேலைக்கு வரும் தொழிலாளிகளும் அதே பெட்டிகளில்தான் இடித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் கூடுதல் பெட்டிகளும், பண்டிகை நாட்களில் ஜவான்களுக்கெனத் தனி ஸ்பெஷலும் விடுவதற்கு எந்தச் சுரங்கமும் தோண்ட வேண்டியதில்லை. ரயில்வே வாரியம் அதை உடனே செய்யட்டும். எல்லைப் பாதைகள் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடியும், தவறினால் ஏன் தவறியது என்பதை வருஷாவருஷம் பார்லிமெண்டில் வைக்கட்டும்.