பழைய புகைப்படத்தை எங்கே விற்பது?

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சிறிய ஏலம் நடந்தது. வாடகைக் கிடங்கில் பொருட்களை வைத்துவிட்டு வாடகை கட்ட முடியாமல் போன ஒரு மூதாட்டியின் பெட்டிகள் விலைக்கு வந்தன. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஏறக்குறைய 400 டாலர் கொடுத்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே சுமார் 30,000 நெகட்டிவ்கள் இருந்தன. தன் வட்டாரத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்குப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கு அவை பயன்படவில்லை. பிறகு அவற்றில் சிலவற்றை ஈபே இணையச் சந்தையில் தானே விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்களில் ஒருவர் புகைப்படக் கலைஞரும் விமர்சகருமான ஆலன் செகுலா. இவற்றை இப்படிச் சிதறவிட வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான்.

அந்த மூதாட்டியின் பெயர் விவியன் மையர். 2009 ஏப்ரலில் அவர் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய படங்கள் இணையத்தில் பரவிப் பெரும் புகழ் பெற்றன. இன்று அவருடைய ஒரு பிரிண்ட் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போகிறது.

புகைப்படங்களை ஏல நிறுவனம் மூலம் விற்பதா, சொந்தமாக விற்பதா என்று விவாதிப்பவர்கள் இந்தக் கதையை நினைவில் கொள்ள வேண்டும். ஏலம் விட்டவருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை. சொந்தமாக விற்றவருக்கும் முதலில் தெரியவில்லை. வழி எதுவாக இருந்தாலும், பொருள் என்னவென்று தெரியாமல் விற்றால் நஷ்டம்தான்.

முதலில் ஏலக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு படம் "மூன்று தரம்" என்று 1,000 டாலரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதற்கு மேல் சுமார் 25 சதவீதம் கட்டணம் சேர்த்து 1,250 டாலர் கட்டுவார். விற்பவரிடம் 15 சதவீதம் கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வருவது 850 டாலர். நடுவில் 400 டாலர் நிறுவனத்துக்குப் போகிறது. காப்பீடு, பட்டியலில் படம் போடும் செலவு என்று இன்னும் கொஞ்சம் கழிவதும் உண்டு. பணம் வரச் சில மாதங்கள் ஆகலாம். ஏலத்தில் விலை போகாமல் திரும்பிய படம் என்றால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த முறை அதன் விலை குறையவே செய்யும்.

இந்தக் கமிஷன் மாற்ற முடியாத ஒன்றும் அல்ல. 1990களில் சோத்பீஸ், கிறிஸ்டீஸ் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் கட்டணத்தை ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டது 2000இல் வெளிவந்தது. வாடிக்கையாளர்களுக்கு 512 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். எனவே கொடுப்பதற்கு முன் பேரம் பேசுவதில் தவறில்லை. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்தபட்ச விலையையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சொந்தமாக விற்பதே மேலா? கமிஷன் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஏல நிறுவனம் செய்யும் வேலை முழுவதும் விற்பவர் தலையில் விழும். படத்தை எடுத்தவர் யார், அந்தப் பிரிண்ட் எப்போது அச்சானது, பின்பக்கம் முத்திரையோ கையெழுத்தோ இருக்கிறதா, யார் யாரிடம் இருந்து வந்தது என்பதையெல்லாம் அவரே சொல்ல வேண்டும். ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த நிலா உதயப் படத்துக்கு அவர் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். நெகட்டிவ் ஒன்றுதான். ஆனால் 1940களில் அச்சான பிரிண்டுக்கும் பல வருடம் கழித்து அச்சானதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. இது தெரியாதவர் கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய் முதலையே இழப்பார்.

போலிகளும் உண்டு. லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தவர். அவர் காலத்திலேயே அச்சானவை என்று விற்கப்பட்ட சில படங்கள் 1990களின் இறுதியில் மாட்டிக்கொண்டன. 1950களிலிருந்து வந்த பல புகைப்படத் தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் உண்டு. புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். அந்தச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. வாங்குபவர் இப்படிச் சந்தேகப்படும்போது பதில் சொல்ல ஒரு பெயர் பெற்ற நிறுவனம் பின்னால் இருப்பது பலம்.

இன்னொன்றும் உண்டு. நெகட்டிவ் கையில் இருப்பதால் பதிப்புரிமையும் வந்துவிடாது. மையர் படங்களுக்கு 2014இல் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பழைய பிரிண்டை அப்படியே விற்பது வேறு; நெகட்டிவிலிருந்து புதிதாக அச்சிட்டு விற்பது வேறு.

ஆகவே முடிவு இப்படி இருப்பதே நியாயம். பெயர் தெரியாத குடும்பப் படங்கள், பழைய அஞ்சலட்டைப் படங்கள் போன்றவற்றைச் சொந்தமாக விற்கலாம். இவற்றுக்குப் பெரிய ஏலத்தில் இடமும் கிடைக்காது. புகழ்பெற்ற ஒருவருடைய படம், அல்லது ஒரே கையால் எடுக்கப்பட்ட பெரிய தொகுப்பு என்று தோன்றினால், அதைப் பிரிக்காமல் முதலில் அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் மதிப்பு கேட்க வேண்டும். எங்கே விற்பது என்பது அதற்குப் பிறகுதான்.

ஏல நிறுவனம் கேட்கும் கமிஷன் உண்மையில் அறிவுக்கான கூலி. அந்த அறிவு சொந்தமாக இருப்பவர் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இல்லாதவர் கூலிக்குப் பயந்தால், 400 டாலருக்குப் போன அந்தப் பெட்டியின் கதைதான் திரும்பவும் நடக்கும். விவியன் மையருக்கு அந்தப் புகழிலும் பணத்திலும் எதுவும் கிடைக்கவில்லை.