வக்கீல் வருவதற்கு முன்

வரலாறு, பொருளாதாரம் படிக்கிற நம்ம பிள்ளைகள் சட்டத்தையும் துணைப்பாடமாக எடுக்க வேண்டும் என்கிறேன். 'வக்கீலாக முடியாத படிப்பு எதுக்கு?' என்கிறார்கள் தோழர்கள். சேரியில் அடி விழுந்த ராத்திரி காவல் நிலையத்துக்கு வக்கீலா கூட வருகிறார்? மனு ரசீதைக் கிழித்துக் கொடுத்து, 'போ, பாக்கலாம்' என்பார்கள்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், தெளிவாகச் சொல்கிறது: வாயால் சொன்ன புகாரை எழுதினால், வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், வழக்குப் பதிய வேண்டும், நகலை உடனே தர வேண்டும். வேண்டுமென்றே தவறினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. இதை அங்கேயே நின்று கேட்க ஒரு பி.ஏ. படிக்கிற புள்ள போதும்.

அம்பேத்கர் பொருளாதாரமும் படித்தார், சட்டமும் படித்தார். உங்கள் கல்லூரியில் இந்தப் பாடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வைக்கச் சொல்லிப் போராடுங்கள்.