செருப்பு வீச ஆயிரம் பேர், ஜாமீனுக்கு யார்?



விளையாட்டில் அரசியல் கலக்கலாமா என்று இன்று வீட்டுக்கு வீடு வழக்கு. கிரிக்கெட் பார்க்காதே, அந்தக் கம்பெனியின் ஆட்டத்தைக் கைப்பேசியில் ஆடாதே, படத்தைக் கறுப்பாக மாற்று என்று நம் பிள்ளைகளுக்கு நாளும் கட்டளைகள் வருகின்றன. கலக்கலாம் என்பதே நம் கட்சி. ஆட்டக்களம் ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. ஆனால் நாம் கேட்பது வேறு கேள்வி. கோஷம் போட்டுக் கலைந்த பிறகு, அடிபட்டவன் வீட்டு வாசலுக்கு யார் போனார்கள்?

2019 அக்டோபரில் ஹாங்காங் இளைஞர் ஒருவர், பிளிஸார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கணினி ஆட்டப் போட்டியில், பேட்டியின்போது முகமூடி அணிந்து தம் ஊரின் விடுதலைக் கோஷத்தைச் சொன்னார். கம்பெனி அவரை ஓராண்டு விலக்கி, பரிசுப் பணத்தையும் பிடித்துக்கொண்டது. உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் கம்பெனி பரிசைத் திருப்பித் தந்தது, தடையை ஆறு மாதமாகக் குறைத்தது. இது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஹாங்காங்கில் அதே ஆண்டு ‘612 மனிதாபிமான நிவாரண நிதி’ என்ற ஒன்று தொடங்கியது. கைதானவர்களுக்கு வக்கீல் செலவு, காயம்பட்டவர்களுக்கு வைத்தியச் செலவு, இவைதான் அதன் வேலை. 2021இல் அது மூடப்பட்டது. 2022இல் அதன் அறங்காவலர்களைப் போலீஸ் கைது செய்தது. அவர்களில் ஒருவரான கார்டினல் ஜென்னுக்கு அப்போது வயது 90! அரசு கோஷத்துக்கு மட்டுமா அஞ்சியது? வக்கீல் கூலி கொடுத்த கைக்கும் அஞ்சியது.

சின்னப் போராட்டம் வீண் என்று நாம் சொல்லவில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. கோப்பை கைநழுவியது. அந்த எதிர்ப்பின் விலையை இந்தியா தன் கையிலிருந்து கொடுத்தது. அதே காலத்தில் லண்டனிலிருந்து ஒரு பாதுகாப்பு நிதி, தென்னாப்பிரிக்கா 1966இல் அதைத் தடை செய்த பிறகும், ரகசியமாகப் பணம் அனுப்பி அரசியல் கைதிகளின் வழக்கை நடத்தியது, அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்தன. நம்மிடம் ஒரு கைதான் ஓங்குகிறது!

சேப்பாக்கத்தைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் வரவேண்டும், வரவில்லை. கோபம் நியாயமானது. ஏப்ரல் 10இல் ஐ.பி.எல். ஆட்டத்தை எதிர்த்து மறியல் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. பலன் என்ன? ஆட்டம் நடந்து முடிந்தது. மீதி ஆறு ஆட்டங்கள் புனேவுக்குப் போயின, ரசிகர்கள் தனி ரயிலேறிப் பின்னால் போனார்கள். நஷ்டப்பட்டவன் சேப்பாக்கம் வாசலில் கொடியும் சட்டையும் விற்றவன். ஜூன் 1இல் மேலாண்மை ஆணையத்துக்கு அரசாணை வந்தது. அதன் பின்னால் உச்ச நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு இருந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 18இல் நம் பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில், ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் பிணங்கள் கிடந்தன. சேலம் மாவட்ட மலைக்கிராமத்துக் கூலிகள். சேப்பாக்க மறியலுக்கு ஏழு வாரம் முன்பு நடந்தது இது. அவர்களுக்காக எந்த மைதானத்தில் எந்தச் செருப்பு பறந்தது?

2015 ஏப்ரல் 7ஐ நாம் மறக்க முடியுமா? திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டு, தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேர் மாண்டார்கள். அங்கே தமிழ்நாட்டில் ஆந்திரப் பேருந்துகள் மீது கல் விழுந்தது, எல்லையில் போக்குவரத்து நின்றது. கல் வீசியவர் மாலையில் வீடு திரும்பினார். நாம் எங்கே திரும்புவது? சித்தூரிலும் திருப்பதியிலும் அரிசி வாங்குவதும் தெலுங்கர் கடையில், பிள்ளை படிப்பதும் தெலுங்குப் பள்ளியில். ஒரு மாநிலத்தில் எறிந்த கல் மறு மாநிலத்தில் பிழைக்க வந்தவன் தலையில்தான் விழும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாய் எரிந்தது எதைச் சொல்கிறது?

இருபது பேர் வழக்கை நகர்த்தியவர்கள் வேறு ஆட்கள். உயிர் தப்பி வந்தவர்கள் டெல்லிக்குப் போய்த் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி நீதிமன்றப் படியேறினாள். ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்கள் தெலுங்கு மனித உரிமை இயக்கத்தார்! கல் வீசியவர் கண்ணுக்கு அவர்களும் ‘ஆந்திராக்காரர்’ தானே?

மரம் கடத்துவது குற்றம். அதை மூடி மறைக்க நாம் வரவில்லை. ஆனால் கூலிக்கு வெட்டியவன் உள்ளே கிடக்க, கப்பலேற்றிக் காசு பார்த்தவன் வெளியே திரிவது எந்த நியாயம்? ரேணிகுண்டாவிலும் பாகாலாவிலும் ரயிலை விட்டு இறங்கும் அந்தக் குடும்பங்களை ரயில்வேக்காரர்களாகிய நாம் பார்க்கிறோம். கையில் தெலுங்கில் எழுதிய முதல் தகவல் அறிக்கை. படிக்கத் தெரியாது. எந்தக் கோர்ட்டு, எந்த வாய்தா, எதுவும் தெரியாது.

‘ஜாமீனுக்கு அலைவது புரட்சியா?’ என்று சில வீரர்கள் கேலி பேசுகிறார்கள். அவர்கள் ஒரு வாய்தாவுக்குக் கோர்ட்டு வராந்தாவில் காலை முதல் மாலை வரை நின்று பார்க்கட்டும், பிறகு பேசுவோம்.

தெரிந்துகொள்ளுங்கள். கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். காவலில் உள்ள எவருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டிலேயே சட்ட உதவி அலுவலகம் உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு என்ன சொல்கிறது? இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அக்குற்றத்தின் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் விசாரணைக் கைதியாகவே கழித்தால் அவரை விடுவிக்கவேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் கிடைக்காது. ஒரே ஆள் மீது எத்தனை வழக்கு இருக்கிறது என்று முதல் நாளே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதில் நம்மைத் தவிர வேறு யாரால் ஆகும்? தமிழும் தெலுங்கும் அறிந்தவர் நாம். உள்ளூரில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர் நம்மில் பலர். உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவனுக்குக் கையெழுத்திடச் சென்னையிலிருந்து எந்தத் தலைவரும் வரமாட்டார்.

எனவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் தீர்மானம் இதுதான். வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் வழக்கு நிதி. அதன் கணக்கு மாதந்தோறும் இந்தப் பத்திரிகையில் அச்சாகவேண்டும். தெலுங்குக் காகிதத்தைப் படித்துச் சொல்லக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் ஞாயிறுதோறும் சங்கத்தில் அமரவேண்டும். வாய்தாவுக்கு வரும் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறும் இரவு தங்க இடமும் தரவேண்டும். ஜாமீன் நிற்க மனமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவேண்டும்.

தம்பிகளே! கறுப்புப் படம் வையுங்கள், ஆட்டத்தைப் புறக்கணியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். படத்தை மாற்றிய அதே கையால் இந்த இருபது ரூபாயையும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். படிக்கவேண்டிய காகிதங்கள் காத்திருக்கின்றன.